கேத்தல் மூடியில் இருந்த பெண்

அக்கரைப்பற்றுக்குப் போக கல்முனையில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார்: "தலைய மட்டும் எடுத்தா வச்சிக்கலாமாம்."

"ஆர்ட தலைய?"

"என்ட கறுப்புப் பீங்கான் தேத்தண்ணிக் கேத்தல் மூடியில குந்திக்கிட்டு இரிக்கிற பொம்புளைட தலைய. உருவம் இருந்தா வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வரமாட்டாங்க எண்டு மருமகன் சொன்னார். மரியாதையாத்தான் சொன்னார்."

"நீ சேத்து வச்சிருக்கிற கேத்தல் எல்லாத்திலயும் உருவமா?"

"இல்ல, மத்ததுகள்ள பூதான் இரிக்கி. இது காலிக் கோட்டையில ஏலத்தில எடுத்தது. இருநூறு வருஷத்துக்கு மேல, கப்பல்ல வந்து, எத்தின கை மாறியும் ஒரு கீறல் இல்ல மச்சான்."

"ஏலாதெண்டு சொல்றதுதானே."

"எப்பிடிச் சொல்ற? வீட்ட மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்தாச்சு. அதுக்கு முதல் அது பொஞ்சாதிட சீதன வீடு. கேத்தல் அலுமாரி சாஞ்சி நிக்கிற சுவர் ஒரு நாளும் என்ட இல்ல."

"மகள் என்ன சொன்னா?"

"ஒரு துணியும் சின்னச் சுத்தியலும் கொண்டுவந்து என்ட கையில தந்தா."

பஸ் சாய்ந்தமருதைத் தாண்டியது.

"அப்ப உடைச்சிட்டியா?"

"பின்ன? வேற ஆரும் தட்டினா கேத்தலும் சேந்து போயிரும்."

"தலை எங்க?"

தாடிக்காரர் போட்டிருந்த சேட்டின் பையைத் தொட்டுக் காட்டினார்.

"சேட்டு என்டதானே."