நாலு டெஸ்ட் ஆடின சிபந்தா

...கடை என்ரை, கண்ணாடி என்ரை, ஒட்டுற ரேப்பும் என்ரை. ஒட்ட வேண்டியதும் நான்தானாம். பாத்தியளே தம்பி விளையாட்டை? உந்தப் போஸ்டரை ஆரும் நேரை கொண்டுவந்தும் தரேல்லை, தபாலிலை வந்தது. எங்கடை கிரிக்கெட் கழகத் தலைவர் வரதராசா இருக்கிறது இதே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை, அந்தப் புடவைக்கடைக்கு மேல்மாடி. எட்டி நடந்தால் ரெண்டு நிமிசம். அந்த மனிசன் முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறார். தபால்காரனுக்கும் ஒரு பிழைப்பு வேணுமெல்லோ.

குனியுங்கோ, இன்னும் கொஞ்சம்... ஆ, அப்பிடியே. பின் தலைமயிருக்கு மெசின் போடட்டோ? சரி.

போஸ்டரிலை நிக்கிறது ஆரெண்டோ? உங்களுக்கும் தெரியாதே? அப்பாடா, அவனைத் தெரியாத ஒரு ஆளாவது இந்த லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலை மிச்சம் இருக்கிறியள். அவர்தான் லவ்மோர் சிபந்தா. சிம்பாப்வே நாட்டின்ரை முன்னாள் வேகப்பந்து வீச்சாளர், இந்நாள் கிரிக்கெட் வர்ணனையாளர், வாற ஞாயிற்றுக்கிழமை எங்கடை கழகத்தின்ரை வெற்றிக்கிண்ண இறுதி ஆட்டத்துக்கு மைக் பிடிக்கப்போற மகான். இருபத்திரண்டு வருசமாய் அந்த மைக் ஆற்றை கையிலை இருந்தது எண்டு ஒருக்கால் கேளுங்கோ. கேக்க மாட்டியள், நானே சொல்லுறன். இந்தப் பத்திநாதற்றை கையிலை.

'உலகப் புகழ்பெற்ற' எண்டு போட்டிருக்கினம். நாலு டெஸ்ட், தம்பி. நாலே நாலு. ஒன்பது விக்கெட். அதிலை ரெண்டு, மட்டையை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு தெரியாத கடைசி ஆக்கள். நான் எரிச்சலிலை சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ, அவனே இந்தக் கதிரையிலை இருந்து சொன்னது. தகப்பன் புலவாயோவிலை ரயில்பெட்டி திருத்திற வேலையாம். இவர் பழைய பெட்டியளுக்குப் பின்னாலை பந்து எறிஞ்சு பழகினவராம். ஒருநாள் ஸ்டேசன் மாஸ்டற்றை யன்னல் உடைஞ்சு போட்டுது. மாஸ்டர் ஓடிவந்து காதைப் பிடிச்சு, 'எவ்வளவு தூரத்திலையிருந்து எறிஞ்சனி?' எண்டு கேட்டு, அளந்து பாத்திட்டு, பள்ளிக்கூட ரீமிலை சேத்துவிட்டவராம். எங்கடை ஊரிலை நான் ஒரு யன்னல் உடைச்சனான். ஆரும் அளக்கேல்லை.

ஆ... கதவோ? இல்லை, காத்து.

அவனை இஞ்சை கொண்டுவந்தது ஆரெண்டு நினைக்கிறியள்? நான்தான். போன வருசம் மாசி மாதம், உந்த ரீவியிலை மட்ச் ஓடிக்கொண்டிருக்கு, நெடுவலாய் ஒரு ஆள் கதவைத் திறந்து ஸ்கோர் என்னெண்டு கேட்டான். அவ்வளவுதான், குரலிலையே பிடிச்சிட்டன். பொடியள் ரீவியிலை ஆளைப் பாக்கிறவை, நான் வர்ணனையிலை குரலைக் கேக்கிறவன். 'சிபந்தா?' எண்டன். மனிசனுக்குக் கண் கலங்கிப்போச்சு. அவன்ரை மனிசி பிரெஞ்சுக்காரி, ஆர்ஜொந்தெயிலை இருக்கினம். ஏழு வருசமாய்ப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூட அவன் ஆரெண்டு தெரியாது. கிரிக்கெட் எண்டால் பிரெஞ்சிலை வெட்டுக்கிளி, அந்தப் பூச்சியோ எண்டு கேக்கிற சனத்துக்கை வேறை என்ன நடக்கும்? அண்டையிலையிருந்து கிழமைக்கு ஒருக்கால் வருவான். வெட்டுறதுக்கு அந்தத் தலையிலை என்ன இருக்கு? மொட்டை. ஆனாலும் வந்து கதிரையிலை இருப்பான். நான் சும்மா ஒரு துவாயைப் போத்திவிடுவன். என்ரை உடைஞ்ச இங்கிலீசும் அவன்ரை நொண்டிப் பிரெஞ்சும் சேந்து ஒருமாதிரி ஓடும். நல்லவன்தான்... அதுதானே வயித்தெரிச்சல். கெட்டவனெண்டால் எனக்கு எவ்வளவு சுகம்.

போன வருசம் இறுதி ஆட்டத்துக்கு நான்தான் பிரதம விருந்தினராய்க் கூட்டிக்கொண்டு போனனான். பொன்னாடை போத்தினம். மரியாதைக்குப் பத்து ஓவர் மைக்கைக் குடுத்தன். விருந்தாளிக்குக் கதிரை குடுத்தால் இருந்திட்டுப் போகவேணுமெல்லோ? இவர் என்ன செய்தவர் தெரியுமே... மட்ச் துவங்க முதல் ஒரு கொப்பியைக் கொண்டு மைதானத்தைச் சுத்தி, ஒவ்வொரு பொடியனிட்டையும் போய், உன்ரை பேர் என்ன, எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டு எழுதினவர். நான் இருபத்திரண்டு வருசம் 'உயரமான தம்பி', 'கண்ணாடிக்காரத் தம்பி' எண்டு சொல்லித்தான் சமாளிச்சனான், ஒரு குறை வரேல்லை. அவன் ஒவ்வொரு பேராய்ச் சொல்லச் சொல்ல, தாய்மார் எல்லாம் தேத்தண்ணியை வைச்சிட்டு நிமிந்து பாக்கினம். பேந்து பந்து வரேக்கை வாயை மூடிக்கொண்டு இருந்தான். ஒரு மூச்சு இல்லை. அடிச்ச பிறகு ரெண்டு சொல்லு. கொமென்ரேற்றர் எண்டால் கதைக்கவேணும், தம்பி. பேசாமல் இருக்கிறதுக்கு மைதானத்திலை மரம் நிக்குதுதானே? ஆனால் சனம் என்ன சொல்லுது, 'ஆ, என்ன தரம், என்ன தரம்.' நான் மூச்சு விடாமல் கதைச்ச காலத்திலை ஒருத்தரும் தரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை.

அந்தப் பேசாமல் இருக்கிற வித்தை எப்பிடி வந்ததெண்டும் எனக்குத் தெரியும். மாரிக்குள்ளை ஒருநாள் சொன்னவன். இருபத்தொன்பது வயசிலை ஒரு சுற்றுப்பயணத்துக்கு இவனை எடுக்காமல் விட்டிட்டினம். ரோசக்காரன். நான் இனி விளையாடேல்லை, ஓய்வு பெறுறன் எண்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டான். எழுதினது போறதுக்கில்லை, கண்டியளோ. ஓடிவந்து 'ஐயோ போகாதை' எண்டு மறிப்பினம் எண்டுதான். மூண்டு கிழமை ரெலிபோனுக்குப் பக்கத்திலை பாய் போட்டுப் படுத்தவனாம். அடிச்சது ஒருக்கால். எடுத்தால் ஆரோ கோழி விக்கிறவன், நம்பர் மாறி. பேந்து ரேடியோவிலை வர்ணனை செய்யிறவருக்குத் தடிமன் பிடிச்சுக் குரல் போக, ஒருநாளுக்கு ஆள் வேணும் எண்டு இவனைக் கூப்பிட்டினம். போனால், இவன்ரை இடத்துக்கு வந்த பொடியன் அண்டைக்கு அஞ்சு விக்கெட் எடுக்கிறான். அதை இவன்தான் நாட்டுக்குச் சொல்லவேணும். ஒவ்வொரு விக்கெட் விழவும் இவனுக்குத் தொண்டை அடைச்சு, பத்து விநாடி ஒரு சொல்லு வரேல்லையாம். அழுகை. கேட்டுக்கொண்டிருந்த சனம் என்ன பண்பு, என்ன நிதானம் எண்டு கடிதம் எழுதிச்சிதாம். உத்தியோகம் நிரந்தரமாச்சுது. 

நான் அண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சன், தம்பி. உலகத்திலை இப்பிடியும் ஒரு விசரன் இருப்பானோ எண்டு கேட்டன். அவனும் சேந்து சிரிச்சான். கொஞ்சமாய்.

ஆட்டாதேங்கோ... காதுக்குக் கிட்ட நிக்கிறன்.

ஏன் மைக்கைப் பறிச்சவை எண்டு உங்களுக்கு இப்ப ஒரு கேள்வி வரும். பறிக்கேல்லை. அதையும் நான் நேர்மையாய்ச் சொல்லவேணும். அந்த இறுதி ஆட்டத்திலை கடைசிப் பந்து. எதிரணிக்கு ரெண்டு ரன் வேணும். மைக் திரும்பி என்னட்டை. அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணி விக்கிற கௌரி ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுவந்து தந்தா. ஒரு சாம்பல் நிறக் கார் வாசலை மறிச்சு நிக்குது, அம்புலன்சும் உள்ளை வரேலாது எண்டு நம்பரோடை. எனக்குக் கடமை எண்டால் கடமை. பந்து மேலை எழும்பியிட்டுது, நான் நம்பரை வாசிச்சன். வாசிச்சதோடை விட்டனானோ? 'மாட்டுக்கொட்டிலிலை கட்டவேண்டியதைக் கார் எண்டு கொண்டுவந்து விட்ட புண்ணியவான் உடனடியாக ஓடி வரவும்' எண்டும் சேத்தனான். பந்துக்குக் கீழை நிண்டவன் எங்கடை றொஜர், என்ரை மனிசியின்ரை தமையன்ரை மகன். நம்பரைக் கேட்டவுடனை வாசல் பக்கம் திரும்பினான். பந்து தோளிலை பட்டு எல்லைக் கயித்துக்கு அங்காலை போட்டுது. போச்சு, கிண்ணம் போச்சு. 

ஏன் திரும்பினவன் எண்டால், அந்தக் காரை அண்டைக்குக் காலமை கொண்டுவந்து விட்டது அவன்தான். கார் ஆற்றை எண்டு கேக்காதேங்கோ... என்ரை. என்ரை நம்பர் எனக்கு எப்பிடித் தெரியும்? உந்தக் காப்புறுதி, கடதாசி எல்லாம் மனிசிதான் பாக்கிறவ.

அதைப் பிடிச்சுக்கொண்டு இந்தச் சித்திரைப் பொதுக்கூட்டத்திலை ரெண்டு பேர் எழும்பிக் கதைச்சினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. இராசினாமாக் கடிதத்தை எடுத்து மேசையிலை வைச்சன். ஓம், கையிலை வைச்சிருந்தனான். ஒவ்வொரு வருசமும் கொண்டுபோறனான்தான். எங்கடை கழகத்திலை அது ஒரு வழக்கம். நான் கடிதம் குடுப்பன். மூண்டாம் நாள் வரதராசா கேக் பெட்டியோடை கடைக்கு வருவார். 'அண்ணை, நீங்கள் இல்லாட்டி மைதானம் செத்தவீடு' எண்டுவார். நான் ரெண்டு தரம் மாட்டன் எண்டுவன். மூண்டாந்தரம், சரி, உங்கடை முகத்துக்காக எண்டு கடிதத்தைக் கிழிச்சுப் போடுவன். ரெண்டுபேரும் கேக் சாப்பிடுவம். இருபத்தொரு தரம் இப்பிடி நடந்திருக்கு. ஒருக்காலும் பிழைச்சதில்லை.

இந்தமுறை மட்டும் கடிதத்தின்ரை அடியிலை ஒரு வரி கூட எழுதினனான். 'எனக்குப் பதிலாகத் திரு. சிபந்தா அவர்களை நியமிக்கலாம்.' குத்தலுக்கு, தம்பி! குத்தலுக்கு எழுதினது! படிச்ச ஆக்களுக்கு அது விளங்க வேண்டாமோ? வரதராசா சத்தமாய் வாசிச்சார். பேந்து பின்வரிசையிலை ஆரோ கைதட்டினான். பேந்து எல்லாரும் தட்டிச்சினம். என்னைப் பாராட்டித்தான் தட்டினவையாம். பெருந்தன்மையாம். 

மூண்டு நாள் பாத்தன். ஒரு கிழமை பாத்தன். மனிசி சொன்னா, மனிசர் வேலை வெட்டியோடை நிக்கினம், வருவினம் எண்டு. நானும் மத்தியானத்திலை கடையைப் பூட்டாமல் இருந்தன். ரெண்டு மாசம். கேக் பெட்டி வரேல்லை. உந்தப் போஸ்டர்தான் வந்துது.

இண்டைக்குக் காலமை சிபந்தா வந்தவன். இதே கதிரை. நான் துவாயைப் போத்தினன். அவன் கண்ணாடிக்குள்ளாலை என்னைப் பாத்துக்கொண்டு சொன்னான், "பத்தி, உனக்கு அந்த மைக் வேணுமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லு. நான் ஏலாது எண்டு இப்பவே அவையளுக்குச் சொல்லுறன்."

அவனுக்குத் தெரியும், கண்டியளோ. ரெலிபோனுக்குப் பக்கத்திலை படுத்தவனுக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்?

நான் கத்திரிக்கோலை எடுத்துத் துடைச்சன். துடைச்சதைத் திருப்பியும் துடைச்சன். அவன் பாத்துக்கொண்டிருந்தான். நான் வாய் ஓயாதவன் எண்டு உங்களுக்கு இந்த அரை மணித்தியாலத்திலை விளங்கியிருக்கும். முந்தி ஒரு இறுதி ஆட்டத்திலை மூண்டரை மணித்தியாலம் தண்ணி குடிக்காமல் கதைச்சவன் நான். 'வேணும்' எண்டு ஒரு சொல்லு... வரேல்லை. வெக்கமாய்க் கிடந்துது. கெஞ்சிக் கேக்கவேண்டியது அவையள், நான் போய் எப்பிடி வேணும் எண்டுறது? தொண்டையிலை வந்து நிண்டுது, தம்பி, இஞ்சை, இதிலை. அவன் நல்லாய்ப் பொறுத்துப் பாத்திட்டு, துவாயைத் தானே கழட்டி மடிச்சு வைச்சிட்டுப் போட்டான்.

...நல்லாய்த்தானே வந்திருக்கு? பக்கமெல்லாம் சரி. மீசையைத் தொடேல்லை. இருங்கோ, கழுத்தைத் தட்டிவிடுறன்.

ஒண்டு கேக்கட்டே? நீங்கள் வரேக்கை அந்தக் காத்திருக்கிற வாங்கிலை ரெண்டு பேர் உங்களுக்கு முதல் வந்து இருந்தவை. கண்டனீங்கள்தானே? அவையை விட்டிட்டு உங்களைத்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து கதிரையிலை இருத்தினனான். கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போட்டினம். ஏனெண்டால்... புது முகம், நல்ல உடுப்பு, கையிலை ஒரு பெட்டி. செயற்குழுவுக்குப் புதுசாய் வந்த ஆளாக்கும், வரதராசா தான் வர வெக்கப்பட்டு உங்களை அனுப்பியிருக்கிறாராக்கும் எண்டு நினைச்சுப்போட்டன். நீங்களாய்க் கதையைத் துவங்குவியள் எண்டுதான் இவ்வளவு நேரமும் பாத்தனான்...

கழகத்தாலை வரேல்லை, என்ன? சப்பாத்துப் பெட்டியோ அது.

சரி, சரி. தலைமயிர் வெட்டத்தான் வந்தனீங்கள்.