சுவரில் படிந்த மூச்சு

எங்க வடதேசத்து டிசம்பர் மாசம். மத்தியானம் மூணு மணிக்கே கும்மிருட்டு. ஏரிக்குப் போற மலைப்பாதையில ஒரே ஒரு கார், பின்னால படுத்துத் தூங்குற மாதிரி சக்கரம் வச்ச வீடு, ஒரு பழைய கேரவனை, இழுத்துக்கிட்டுப் போகுது. ஓட்டுறவர் ஒட்வார்... என்கூட பஸ் ஓட்டுறாளே ராக்னா, அவ அப்பா. பக்கத்து சீட் காலி.

உறைஞ்ச ஏரிக்கரையில ஒரு குளிர்காலமாவது தங்கணும்னு அவர் சம்சாரம் குன்வோர் பதினோரு வருஷமாக் கேட்டாங்க. “கையில காசு சேரட்டும்”னு இவர் தள்ளிக்கிட்டே வந்தார். அக்டோபர்ல அவங்க போயிட்டாங்க. அடக்கம் முடிஞ்ச மறுவாரமே மனுஷன் கேரவனைக் குளிருக்குத் தயார் பண்ண இறங்கிட்டார். ஜன்னலுக்கெல்லாம் பபிள் ராப். தரைக்குத் தெர்மாகோல், மேல பழைய கம்பளி. கதவிடுக்குல கிழிஞ்ச ஸ்வெட்டர். யாரோ கழிச்சுப்போட்ட கேஸ் ஹீட்டர். அவ்வளவுதான்... செலவே ஆகலை. அதை நினைச்சுத்தான் படியில உட்கார்ந்து அழுதாராம்.

ஏரிக்கரையில வண்டியை நிறுத்தி, அடியில காத்து நுழையாம சுத்திலும் பனியை வாரிக் குவிச்சார். கதவோரமாப் படுத்தார். சுவரோரம் குன்வோரோட இடம்... அப்படியே விட்டுட்டார்.

காலையில பார்த்தா, அவங்க தலையணைக்கு நேரே சுவர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். உறைபனி. ஓட்டை இருக்குபோலன்னு தெர்மாகோல் வச்சு டேப் ஒட்டினார். மறுநாள்... அந்தத் தெர்மாகோல் மேலயே வட்டம். சுவரைப் பார்த்துப் படுத்தவங்க மூச்சு படுற இடத்துல.

அன்னிக்கு ஹீட்டரை அணைச்சுட்டுக் காதைத் தீட்டிக் கேட்டார். விஸ்ஸ்... விஸ்ஸ்... தூங்கும்போது குன்வோர் மூக்குல வர்ற அதே சன்ன விசில்.

ராக்னா போன் பண்ணினா.

“ஹீட்டர் ஓடுதாப்பா?”

“ஓடும்.”

“அப்புறம் ஏன் பல்லு தந்தியடிக்குது?”

“அணைச்சு வச்சிருக்கேன். சூடா இருந்தா அம்மா தெரிய மாட்டேங்குறா.”

“அப்பா, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? வீட்டுக்கு வா!”

அவர் வரலை. மார்ச்ல வெயில் ஏற ஏற வட்டம் சிறுத்துப்போச்சு. பபிள் ராப், தெர்மாகோல், ஸ்வெட்டர்... தன் கையால அடைச்சதையெல்லாம் தானே பிடுங்கி எறிஞ்சார். அப்பவும் குளிர் போதலை. கேரவனைக் கார்ல மாட்டிக்கிட்டு வடக்கே போனார். அங்கயும் பனி இளகினதும் இன்னும் வடக்கே.

கடைசியாப் பேசினப்போ ராக்னா கெஞ்சியிருக்கா. “இனிமே அவளைக் காக்க வைக்க முடியாதும்மா”ன்னாராம். அதோட சரி.

மே மாசம் போலீஸ்காரர் ஒருத்தர் ராக்னாவுக்குப் போன் பண்ணினார். வடகோடியில, ஆளே இல்லாத மேட்டு நிலத்துல கேரவன் நிக்குது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். உடைச்சுப் போனா, படுக்கை மடிப்புக் கலையாம இருக்கு. ஒட்வாரைக் காணோம்... இன்னிக்கு வரைக்கும்.

சுவர்ல மட்டும் வட்டம் இருந்துச்சாம். ரெண்டு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு.

போலீஸ்காரர் டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே நின்னார்... ரெண்டும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமா, பெருசாச்சாம்.