வாளித் தண்ணீர்

கையுறையா? எங்கள் கெர்க்கென்னாத் தீவில் மீன் அரிகிறவர்கள் யாரும் கையுறை போடுவதில்லை, டாக்டர். நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டி மாவுப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. என் கணவர் ரவூஃப் தேடினார். தொலைந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

அவருக்குச் சிறுநீரகம் தர முதலில் கையை நீட்டியவள் நான். என் இரத்தம் சேரவில்லை. அவருடைய தங்கை தலெந்தாவின் இரத்தம் சேர்ந்தது. அவள் நல்லவள், அதை மறுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் குஸ்குஸ் சாப்பிட வருவாள். வந்ததும் நேரே போய் அவர் வயிற்றின் வலப்பக்கம், தான் தந்த சிறுநீரகம் இருக்கும் இடத்தில், உள்ளங்கையை வைப்பாள்.

“எப்படி இருக்கா என் பொண்ணு?”

“உன்னை மாதிரியேதான். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறா.”

“அண்ணி, நீங்க போடுற உப்புக்கு என் பொண்ணு அழுதுடுவா. பாத்து சமைங்க.”

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினேழு வருடம் அந்த வயிற்றில் தலைவைத்துத் தூங்கியவள் நான். இப்போது தலைவைத்தால் காதுக்கடியில் அவள் இருந்தாள்.

மார்ச்சில், வெறுங்கையால் மீன் அரிந்தபோது அவர் கட்டைவிரலில் முள் குத்தியது. கடல் குத்தியதைக் கடலே ஆற்றும் என்பார்கள் எங்கள் ஊரில். மீன் கிடந்த வாளியிலேயே கையை ஊறவைப்போம். எனக்கு அப்படித்தான் ஆறியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது, சின்னக் கட்டி வந்தாலும் அன்றே வரவேண்டும் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில் அவர் கையை ஊறவைத்தேன். தண்ணீரை மாற்றவில்லை. முதல் கட்டி கட்டைவிரலில் வந்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை என்று, கயிற்றில் முடிச்சு போட்டதுபோல் மேலேறியது. பரிசோதனை நாளன்று, உங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் ஸ்ஃபாக்ஸுக்குப் படகு ஓடவில்லை என்று உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதும் நான்தான். படகு ஓடியது.

“தலெந்தாகிட்ட சொல்லிடாதே, பதறிடுவா,” என்றார் அவர். நீளக்கை சட்டை போட்டுக்கொண்டார். அவளுக்குத் தெரியாத ஒன்று முதன்முதலாக எங்கள் இருவருக்கும் இருந்தது. ஏழு வாரம் நான் மட்டுமே கட்டு மாற்றினேன். என் பெயரை அத்தனை மென்மையாக அவர் அதற்குமுன் சொன்னதில்லை.

அரிய கிருமி என்கிறீர்கள். அதை அடக்க மாத்திரையைக் குறைத்தால், தங்கை தந்ததை உடம்பு தள்ளிவிடலாம் என்கிறீர்கள். வெளியே அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அவளிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். இனி அவளால் தர முடியாது.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடம் காலியாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

என் இரத்தத்தை இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள், டாக்டர்.