காற்றுக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்

நாற்பது ஆண்டுகள் குழாய் தூக்கியும் நிமிர்ந்த முதுகோடு நம் நடுவே அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளத்தில் இறங்கி எங்களுக்குப் பாதை போட்டுத் தந்த பெரியவர்களே, எங்கள் சேறு படிந்த சட்டைகளை அலசி அலசிக் கை சிவந்தும் ஒரு நாளும் முகம் சுளிக்காத தாய்மார்களே, கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் என் தோழர்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஏழாம் தீர்மானத்தை முன்மொழிய வந்திருக்கிறேன். மீன் தொட்டிக் காற்றுப் பம்புக்குக் குழாய் போட்டவர், ஒரு மாதம் கழித்துத் தானே போய் அதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். தீர்மானம் அவ்வளவுதான். "இதுக்கெல்லாம் ஒரு மேடையா" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். காதில் விழுகிறது ஐயா. போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான்.

என்னை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? "ஒருசொட்டு". ஏன்? நான் போட்ட குழாயில் ஒரு சொட்டு ஒழுகாது என்று ஊரெல்லாம் மார் தட்டியவன் நான். இணைப்பு இணைப்பாக உள்ளங்கையால் தடவுவேன். ஈரம் இல்லையா, வேலை முடிந்தது, சாமானை எடு, கிளம்பு. இருபத்திரண்டு வருடம் தண்ணீரோடு வாழ்ந்தவனுக்குக் காற்று ஒரு பொருட்டா என்ற கொழுப்பு எனக்கு இருந்தது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

என் தங்கை வீட்டுப் பின்கட்டில் கொட்டகை போட்டு வண்ண மீன் வளர்க்கிறாள். கண்ணாடித் தொட்டிகள் பன்னிரண்டு, இரண்டு வரிசை. ஒரு மூலையில் கைக்கு அடக்கமான காற்றுப் பம்பு. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தொட்டிக்குத் தொட்டி மெல்லிய கிளைகள் விட்டு, தண்ணீருக்குள் குமிழி விடும். அந்தக் குமிழிதான் மீனுக்கு மூச்சு. குஞ்சுகளை வைப்பது பின்வரிசையில், பம்புக்குத் தொலைவில். குழாய் போட்டது யார்? நான். கூடப் பிறந்தவளுக்குச் செய்கிறோமே என்று பார்த்துப் பார்த்துப் போட்டது.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் செத்தன. இரண்டாம் ஈடும் செத்தது. அவள் மாமியார் சொன்னார்: "உன் கைக்கு மீன் ஆகலம்மா. சிலருக்கு ஆகாது. விட்டுரு." நான் போய்க் குழாயைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. நான் சொன்னேன்: "தீனிய அள்ளிப் போடுற நீ. அதான் தண்ணி கெட்டுப் போவுது." அவள் தீனியைக் குறைத்தாள். மூன்றாம் ஈடும் போனால் கொட்டகையை மூடிவிடுகிறேன் என்று வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். நாளுக்கு இரு முறை தண்ணீர் மாற்றி, பதினெட்டு நாள், கண்ணை இமை காப்பது போல மூன்றாம் ஈட்டைக் காத்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. அரை மணியில் வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, பம்பு மட்டும் ஒரு முறை உறுமிவிட்டு ஓய்ந்தது. தங்கை எனக்குப் போன் போட்டாள். "அண்ணா, குஞ்செல்லாம் மேல வந்து வாயத் திறக்குது. நீ வரியா, இல்ல நான் வேற யாரயாவது கூப்பிடவா?"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பம்பைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. காற்று விடும் பம்புக்குள் தண்ணீர் எப்படி வந்தது? யாராவது ஊற்றினார்களா? பேய் வந்து ஊற்றியதா? ஊற்றியவன் இதோ, உங்கள் முன்னால் ஒலிபெருக்கி பிடித்து நிற்கிறான். தண்ணீர்ப் பம்பைத் தரையில் வைத்தே பழகிய கை, காற்றுப் பம்பையும் தரையில் வைத்தது. தண்ணீருக்குச் சரிவு கொடுத்தே பழகிய கை, காற்றுக்கும் தரையோரமாகச் சரிவு கொடுத்தது. பம்பு ஓடும் வரை காற்று தண்ணீரைத் தள்ளி நிறுத்தியது. மின்சாரம் நின்றதும், தொட்டித் தண்ணீர் கிளைக்குழாய் வழியே ஏறி இறங்கி, நான் போட்டுக் கொடுத்த அழகான சரிவில் நடந்து போய்ப் பம்புக்குள் குடியேறிவிட்டது.

எதிர்ச் சாரியில் பஞ்சர் கடை. கடைக்காரர் சத்தம் கேட்டு வந்தார். ஒரு பார்வை பார்த்தார், திரும்பி ஓடினார், லாரி டியூப் இரண்டை வளையல் போலத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் சைக்கிள் பம்போடு வந்தார். கம்ப்ரஸரில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "அந்தக் காத்துல எண்ணெய் வரும் மேஸ்திரி. மீனு தாங்காது. கைப்பம்பு போதும், நீ உன் வேலயப் பாரு" என்றார். டியூப்பை அடித்து நிரப்பி, அதன் வாயில் மெல்லிய குழாயைச் செருகி, கவ்வியால் அளவாக அழுத்தி, பின்வரிசைத் தொட்டிக்குள் விட்டார். குமிழி வந்தது தோழர்களே, குமிழி வந்தது. ஒரு டியூப் தீரத் தீர அடுத்த டியூப். மச்சான் சைக்கிள் பம்பை மிதித்துக்கொண்டு அடி அடி என்று அடிக்கிறார். மிச்சத் தொட்டிகளில் தங்கை குவளையால் மொண்டு உயரத் தூக்கி ஊற்றுகிறாள். பக்கத்தில் இன்னொரு குவளை மொள்கிறது. யார் என்று திரும்பினால், கைக்கு மீன் ஆகாது என்று சொன்ன அதே மாமியார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பேசாம ஊத்துடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

நான் அதற்குள் ஹார்டுவேர் கடைக்கு ஓடிப் புதுப் பம்பு கொண்டு வந்தேன். தொட்டித் தண்ணீருக்கு மேலே, தலை உயரத்தில் ஒரு பலகை அடித்து அதன் மேல் பம்பை உட்கார வைத்தேன். குழாயைச் சுவரின் மேலாகக் கொண்டு போனேன். வெடுக்கென்று திரும்பும் முழங்கை வளைவுகளைத் தூக்கி எறிந்து, பதமாக வளைத்தேன். அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க, தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்று வைத்தேன். பம்பு முக்கித் திணறாதிருக்க, மிஞ்சிய காற்று வெளியேறக் கடைசியில் ஒரு சின்ன வழி விட்டேன். பழக்கம் போகுமா? பழைய குழாயிலிருந்து எடுத்துப் போட்ட இணைப்புகளை உள்ளங்கையால் தடவினேன்.

பஞ்சர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "காத்து ஒழுகுனா கை நனையுமா மேஸ்திரி? சோப்பு நுரையத் தடவு." தடவினேன். மூன்றாவது இணைப்பில் நுரை புசுபுசுவென்று பொங்கியது. பின்வரிசைக்குப் போக வேண்டிய காற்று, ஆறு மாதமாக அந்த இணைப்பில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முதல் ஈடு செத்தது அதனால். இரண்டாம் ஈடு செத்தது அதனால். தங்கை அந்த நுரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அந்த இணைப்பைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன்.

சாயங்காலம் நான்கு மணிக்குக் குஞ்சுகள் அடியில் இறங்கி நீந்தின. கொட்டகை மூடப்படவில்லை. கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள், பஞ்சர் கடைக்காரருக்குத் தட்டுங்கள். ஆனால் எல்லாரும் டீ குடித்து முடித்ததும் தங்கை கேட்டாள்: "அண்ணா, இதே மாதிரி இன்னும் எத்தன வீட்ல போட்டிருக்க?"

பதினோரு வீடு, பெரியோர்களே. மறுநாள் காலையே புறப்பட்டேன். பத்து வீட்டில் பம்பை மேலேற்றினேன், குழாயை மாற்றினேன், குமிழி விடும் காற்றுக்கல்லை அழுக்குப் போகக் கழுவினேன், நுரை தடவினேன். நான்கு வீட்டில் நுரை பொங்கியது. திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதானே?

பதினோராம் வீட்டில் தொட்டிகளில் மீன் இல்லை. ஒரு தொட்டியில் பழைய துணி, ஒன்றில் வெங்காயம். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "நாலு தடவ போட்டேன் தம்பி, நாலு தடவயும் போயிருச்சு. என் கை சரியில்ல. விட்டுட்டேன்." மூலையில் என் பம்பு, தரையில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நுரை தடவி, ஊதிக் காட்டினேன். இரண்டு இடத்தில் பொங்கியது. "உங்க கை இல்லம்மா, என் குழாய்" என்றேன். அவர் குனிந்து அந்த நுரை அடங்கும் வரை பார்த்தார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் ஒண்ணர வருஷமா என்னயே திட்டிக்கிட்டு இருந்தேனே தம்பி. நீ ஒரு நாள், இந்தப் பக்கம் போறப்ப, எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

நான் அவர் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், தோழர்களே.

தீனியைக் குறை என்று நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்? எத்தனை பெண்கள் நம் இணைப்பின் ஓட்டையைத் தம் கையின் குறை என்று நம்பித் தொட்டியைக் கவிழ்த்திருப்பார்கள்? மாட்டியதோடு முடிந்தது என்று நாம் நடந்துவிட்டோம். அந்தப் பழியை விட்டு அவர்கள் எங்கே நடப்பார்கள்? தீர்மானத்தில் கூலி உயர்வு இல்லை, பட்டம் இல்லை, பதக்கம் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு கிண்ணம் சோப்பு நுரையோடு போய் ஒரு கதவைத் தட்டுங்கள் என்கிறது, அவ்வளவுதான். செய்வோம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். முன்வரிசை ஐயா, நீங்களுமா? மகிழ்ச்சி. கடைசி வரிசை, கடிகாரக் கையையே தூக்கலாம்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், ஐந்து நிமிடத்தைப் பதினைந்தாக்கியும் மணி அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. இப்படியே எல்லாரும் கையைத் தூக்கி வைத்திருங்கள். வாசலில் நிற்கும் அந்தப் பதினோராம் வீட்டு அம்மாவுக்கு அங்கிருந்து சரியாகத் தெரியாது, உள்ளே வரச் சொல்லுங்கள். வாங்கம்மா, வணக்கம்.