நாலு பேர் திறக்கிற பெட்டி

"ஹலோ... ஹலோ, சார்... கேக்குதா... நான்தான் சார், லென்ஸ் பட்டறையிலேருந்து... ஆமா ஆமா, ஆர்டர் டேபிள்... கிளிதான்... இல்ல சார், சத்தமாப் பேச முடியாது, ஸ்டோர் ரூம்ல நிக்கிறேன்... நீங்க பேசுங்க, எனக்குக் கேக்குது..."

மற்ற நாட்களில் அவரை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். பட்டறையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆள், அவளைவிட வயதில் சின்னவர். இன்று வாக்கியத்துக்கு ஒரு சார் போட்டதிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். நாள் முழுதும் போனில் பேசுகிறவள் என்பதால் பட்டறையில் அவளுக்குக் கிளி என்று பெயர். அந்தக் கிளி இப்போது ஃபிரேம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்ன சந்தேகம் சார்... பொதுவாத்தான் கேக்கறேன். அனுப்பின மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா?... முடியாதா... சுத்தமாவா?... சரி, அந்தப் பக்கம் போனது போகட்டும். நம்ம பக்கம்? நம்ம ஆர்டர் பெட்டியில அனுப்பினது நிக்குமே, அதை அழிச்சாப் போதும்... யாருன்னா... ஒருத்தர்னு வைங்களேன்... இங்க வேலை பார்க்கறவங்கதான், தெரியாம... ஆமா... ஆமா சார். நான்தான்."

பட்டறைக்கு ஒரே மெயில் முகவரி. கண் டாக்டர்களும் கண்ணாடிக் கடைகளும் ஆர்டர் அனுப்புவது அதற்குத்தான். அதைத் திறக்க நான்கு பேரிடம் நான்கு பாஸ்வேர்டு இருந்தது: முதலாளி, ஆர்டர் எடுக்கிற இவள், லென்ஸ் அரைக்கிற அண்ணன், அதை ஃபிரேமில் மாட்டுகிறவர். ஒருவர் திறந்துவிட்டால் படிக்காத கடிதத்துக்கு உள்ள தடித்த எழுத்து நால்வருக்கும் மெலிந்துபோகும். திறந்தவர் வேலையை முடிக்கவில்லை என்றால் அதை மறுபடி தடிக்கவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். போன வருடம் ஒரே ஆர்டருக்கு இவளும் ஃபிரேம்காரரும் தனித்தனியே பதில் போட்டு, ஒரு ஆளுக்கு இரண்டு கண்ணாடி செய்து முழித்தார்கள். அதன் பிறகு, யார் எதை அனுப்பினாலும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அனுப்பிய கடிதங்களையும் பொதுவில் வைக்கச் சொன்னது வேறு யாருமில்லை, இவளேதான்.

"ஞாபகம் இருக்கு சார், நான்தான் வைக்கச் சொன்னேன்... குத்திக் காட்டாதீங்க, ஏற்கெனவே செத்துக்கிட்டு இருக்கேன்... நேத்து சாயங்காலம், பஸ்ல... என் போன்ல என் சொந்த மெயிலும் இருக்கு, ஆர்டர் மெயிலும் இருக்கு... அதே, அதே... புதுசா எழுதப் போனா தானா ஆர்டர் பேர்லதான் போகுமாமே, எனக்கு என்ன தெரியும்... பார்க்கலை சார். ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எழுதறப்போ மேல என்ன பேர் இருக்குன்னு யாரு பார்ப்பா... இப்பத்தான், இப்பத்தான் தெரிஞ்சுது. பதில் வந்திருக்கான்னு என் பெட்டியைத் திறந்தா, நான் அனுப்பினதே அதுல இல்ல."

அடுத்த அறையில் அரைக்கும் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற வரைக்கும் அண்ணன் எழுந்து வரமாட்டார். அந்தச் சத்தம்தான் அவளுக்கு இப்போது கதவு, தாழ்ப்பாள் எல்லாம்.

"முதலாளி பேங்குக்குப் போயிருக்கார் சார். வந்ததும் மொத வேலையா பெட்டியைத்தான் திறப்பார்... ஃபிரேம்காரர் இன்னைக்கு லீவு... ஆமா, உடனே பாருங்க... தலைப்பா... தலைப்பு சொல்லித்தான் ஆகணுமா... 'லென்ஸ் சரிபார்க்கும் வேலைக்கு விண்ணப்பம்'... இல்ல, சிரிச்சீங்க, எனக்குக் கேட்டுது... ஆமா, அந்தப் பெரிய கண்ணாடிக் கடைதான். சம்பளத்துக்காக மட்டும் இல்ல சார், எத்தனை நாளைக்குத்தான் போனையே எடுத்துக்கிட்டு... தேடுங்க, நான் இருக்கேன்... கிடைச்சுதா... இல்லையா?... நல்லாப் பாருங்க... நேத்து பூரா பாருங்க... இல்லவே இல்லையா?"

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. ஓர் அட்டைப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த ஃபிரேம்கள் நொறுங்குமே என்ற நினைப்புகூட வரவில்லை.

"அப்ப போகவே இல்லையோ சார்... பஸ்ல சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்துது... அப்பாடா. உங்களை வேற காலங்காத்தாலேயே தொந்தரவு... என்ன?... என்ன ஃபோல்டர்?... என் பேர்லயா?... 'கிளி'ன்னா போட்டிருக்கு?... நான் போடலை. எனக்கு அது போடவே தெரியாது... உங்களுக்கு போன் வந்துதா... காலையிலா... யாரு சார்?... சார், இழுக்காம சொல்லுங்க... அண்ணனா... லென்ஸ் அண்ணனா..."

அவள் பெட்டியிலிருந்து எழுந்து, மெஷின் அறைப் பக்கம் திரும்பினாள். மெஷின் மட்டும் ஓடியது.

"இருக்கேன் சார்... என்ன கேட்டார்?... ம்... ம்... ஒருத்தரோட லெட்டரை மத்தவங்க கண்ணுல படாம எடுத்து வைக்கணும்னு... சரி... நீங்களும் சொல்லிக் குடுத்தீங்க... உங்க மேல என்ன தப்பு, உங்களுக்கு எப்படித் தெரியும்... ஆனா அவரால அதைப் படிச்சிருக்கவே முடியாதே சார், அவருக்குத்தான் ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்து... ஒண்ணுமில்ல. விடுங்க. ஒண்ணுமில்ல சார்..."

நேற்று எழுத்தில் உளறியது போதாதென்று இன்று வாயாலும் உளறப் பார்த்தாள். அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி போட்டும் தீராத மங்கல். பட்டறையில் அது தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அவரே கூப்பிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னது. அன்றிலிருந்து ஆர்டர் சீட்டில் உள்ள நம்பரை இவள் படித்துச் சொல்வாள், அவர் அரைப்பார். அரைத்ததை இவள் பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்ப்பாள். நம்பர் தவறியிருந்தால் அவர் மேஜையில் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்துகொண்டிருந்தது. லென்ஸ் அரைக்கிறவருக்கே கண் தெரியவில்லை என்பது முதலாளி காதுக்குப் போனால், அன்றோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்... நான் பார்த்தேன் சார். காலையில உள்ள வர்றப்போ அவர் என் டேபிள்லதான் நின்னுக்கிட்டிருந்தார். பூதக்கண்ணாடியை ஸ்கிரீனோட ஒட்டி வச்சு, ஒவ்வொரு எழுத்தா... நான் என்ன சொன்னேன் தெரியுமா... 'தள்ளுங்கண்ணே, நான் படிச்சுச் சொல்றேன்'னேன். 'வேண்டாம்மா, படிச்சாச்சு'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்... என்ன எழுதினேன்னா... வேண்டாம் சார்... திறந்துட்டீங்களா... படிக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்... படிச்சிட்டீங்க. சரி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிரில் யாரும் இல்லை. இருந்தும் நிமிர முடியவில்லை.

"ஆமா. 'எங்கள் பட்டறையில் அரைப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அவர் பிழைகளை நானே கண்டுபிடித்துத் திருத்துகிறேன்.' நான் எழுதினதுதான்... அனுபவம் கேட்டிருந்தாங்க சார். சரிபார்த்த அனுபவம். என்கிட்ட வேற என்ன இருக்கு... அவர் பேரைப் போடலை... பேர் எதுக்கு, இங்க அரைக்கிறவர் ஒருத்தர்தானே... தெரியுது. எழுதறப்போ தோணலை சார்... இல்ல, பொய் சொல்றேன். தோணுச்சு. தோணியும் எழுதினேன். படிச்சுப் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துது... ம்... என் மொகத்துலேயே எனக்கு முழிக்கப் பிடிக்கலை சார்..."

"அந்த ஃபோல்டர்ல இன்னொண்ணா?... கடையிலேருந்து பதில் வந்துடுச்சா... வரச் சொல்லியா?... ஓ... நான் எழுதினதுக்கு இங்க மூத்தவங்க யாராவது உறுதி சொல்லணுமாம்... அதெப்படி, யாரு சொல்லுவா... இருங்க. மூணாவதா?... இங்கேருந்து போனதா?... யாரு சார் அனுப்பினது... படிங்க... நான் எப்படிப் பார்க்கறது, என் டேபிள் அவர் மெஷினுக்கு நேர் எதிர்ல இருக்கு. நீங்களே படிங்க... மெதுவா..."

அவர் படிக்கப் படிக்க, அவள் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலத் திரும்பச் சொன்னாள்.

"'அந்தப் பொண்ணு எழுதினது உண்மை'... ம்... 'என் கண்ணு சரியில்லை'... ம்... 'இங்கேருந்து தப்பான கண்ணாடி ஒண்ணுகூட வெளிய போகலை, அதுக்கு அவதான் காரணம்'... ஐயோ... 'நம்பி எடுத்துக்கங்க'... அப்புறம்... அவ்வளவுதானா... கீழ பேர் என்ன போட்டிருக்கார்... 'லென்ஸ் அரைக்கிறவன்'... திட்டி ஒரு வார்த்தைகூட இல்லையா சார்? நல்லாத் தேடிப் பாருங்க..."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் தன் பக்கமும் நியாயம் உண்டு என்று ஆரம்பித்திருப்பாள். அவர் அதற்கு வழியே வைக்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, தன் குறையைத் தானே எழுதி, இவளுக்கு வேலை கேட்டிருந்தார். அவளுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. முன்றானையால் கண்ணைத் துடைத்தாள். அது நிற்கிற அழுகையாக இல்லை.

"அழலை சார், சொல்லுங்க... என்ன?... ஃபோல்டர்ல போட்டாலுமா?... பெட்டி பொதுன்னா அதுக்குள்ள இருக்கிறதும் பொதுதானா... அப்ப முதலாளி திறந்தா 'கிளி'ன்னு பெருசா நிக்குமா... அவர் ஒளிச்சு வச்சிருக்கறதா நெனச்சுக்கிட்டு நிம்மதியா அரைச்சுக்கிட்டிருக்கார் சார்... அழிச்சிடுங்க. மூணையும்... ஆமா, அவர் எழுதினதையும்தான். குப்பையிலேருந்தும் எடுத்துடுங்க... நான் பொறுப்பு... இருங்க இருங்க, அதை மட்டும் என் சொந்த மெயிலுக்கு... இல்ல. வேண்டாம். என்கிட்ட எது இருந்தாலும் ஆபத்துதான், அதைத்தான் பார்த்தோமே. அழிங்க..."

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முதலாளியோ என்று அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அது பக்கத்துக் கடைக்கு வந்த ஸ்கூட்டர்.

"ஆச்சா... ஃபோல்டரும்?... அந்தக் கடைக்குப் போனது போனதுதான், தெரியும். வேலைக்கு வரலைன்னு நான் எழுதிடறேன். இந்தத் தடவை மேல பேரைப் பார்த்துட்டு... உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே சார், யார்கிட்டயும் தயவுசெஞ்சு... உங்களை நம்பறேன்... என்னது?... அவர் அதையும் சொன்னாரா... என்கிட்ட சொல்லிடாதீங்கன்னா... 'நான் பார்த்தது தெரிஞ்சா அந்தப் பொண்ணு கூசிப்போயிடும்'னு... கூசட்டுமே சார். கூச வேண்டியவதானே..."

மெஷின் நின்றது. அடுத்த அறையிலிருந்து, என்றைக்கும் போல, "கிளி" என்று குரல் வந்தது.

"வரேண்ணே... உங்களை இல்ல சார், அவரை. சீட்டு படிக்கணும்... இல்ல, வைக்காதீங்க... எதுக்குன்னு தெரியலை, கொஞ்ச நேரம் லைன்ல இருங்களேன்..."

போனைக் காதில் வைத்தபடியே போய் நின்றாள். அவர் சீட்டை நீட்டினார். அவர் பார்வை அவள் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், குரல் வரும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் இருந்தது.

"ரைட்டு மைனஸ் ரெண்டே கால்... லெஃப்ட்டு மைனஸ் ரெண்டரை... ஆமாண்ணே, ரெண்டரை... குரலா... ஒண்ணுமில்லண்ணே, ஸ்டோர் ரூம்ல ஒரே தூசி..."

அவர் தலையாட்டிவிட்டு லென்ஸை எடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். காதருகே சர்வர்காரர் மட்டும் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

"தூசி இல்லண்ணே... காலையில நீங்க படிச்சது... நான் எழுதினது..."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, லைனைத் துண்டித்தாள்.