ஸ்வப்னாவின் வலது கை

பூல் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தை ஸ்டிக்கால் நடுவிலேயே அடித்துப் பழகிவிட்டால் பாதித் தொல்லை இல்லை, சார். பக்கவாட்டில் தள்ளி அடித்தால் பந்து சுழன்றுகொண்டு போகும், பார்க்க அழகு. ஆனால் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே பாதி தூரம்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஸ்டிக் வழுக்கிவிடும்.

ஆண்டர்சன்பேட்டையில் பதினோரு வருடமாக பூல் டேபிள் கடை நடத்துகிற எனக்கு இது தெரியும். ஆனால் என் மனைவி ஸ்வப்னா, "எவ்ளோ தூரம் தள்ளி அடிக்கலாங்க?" என்று கேட்டபோது, "ஓரம் வரைக்கும் போலாம். வழுக்குச்சின்னா உன் கைதான் சரியில்லன்னு அர்த்தம்" என்றேன். அன்று காலைதான் அவள் முதல் முறையாக என்னை ஜெயித்திருந்தாள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மாதம் வழுக்கியது. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பாள். தைலம் தடவிவிடுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவைதான்.

பிறகு அவளே கண்டுபிடித்தாள். பட்டை போட்ட பந்தை, பட்டை நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்து அடித்திருக்கிறாள். ஸ்டிக் நுனியின் சாக்பீஸ் தடம் பட்டைக்குள் விழுந்தால் வழுக்கவில்லை, தாண்டினால் வழுக்கியது. பட்டையின் ஓரம்தான் அந்தப் பாதி தூரம்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?" என்றாள்.

"எனக்கே இப்பதான் தெரியும்" என்றேன்.

எங்கள் கடைக்கு ஆட வருகிறவன் ஷெர்வின். தினமும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவன், அங்கே நடக்கும் பெண்கள் பூல் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தபோது, ஷட்டர் முழங்கால் உயரத்தில் சிக்கிக்கொண்டது. ஷட்டர் ஏறி இறங்கும் ஓரத்துப் பள்ளத்தில் ஒரு கல். அதை எடுக்க அவள் குனிந்து கையை நுழைத்தாள்.

"புடிச்சிக்கோங்க."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஷெர்வின் வாங்கி வந்த ரயில் டிக்கெட் அவள் ஜாக்கெட்டிலிருந்து எட்டிப்பார்த்தது. ஒரே ஒரு டிக்கெட்.

கை நழுவிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நேற்று ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதுதான் சரி. நழுவவில்லை, விட்டேன். அவள் விரல்களை இழுப்பதற்குள் ஷட்டரின் கீழ் விளிம்பில் ஏறி நின்றேன். அவள் கத்தவில்லை. "இன்னாத்துக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று விரல் இனி மடங்காதாம். இப்போது இங்கே பக்கத்தில், பாலகாட்டில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் போல. நீங்கள் கொஞ்சம் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், சார். சோறு ஊட்ட, தலை வார, அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். என்னைப் போல யார் அவளைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்வார்கள்?