பூச்சி தின்னும் செடிக்குத் தண்ணீர்

செம்மேட்டிலிருந்து நாமக்கல் இறங்கும் பஸ். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து, வீரனாகிய நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடியிருந்தேன். முன் இருக்கையில் மிளகுப் பையை மடியில் வைத்திருந்த ஒருவரும், அவர் மனைவியின் தங்கையும்.

“ஈயைப் புடிச்சுப் போட்டும் செடி திங்கல, அம்மணி” என்றார் அவர்.

கண்ணைத் திறந்துவிட்டேன்.

“தண்ணியில்லாமக் காஞ்சு கெடக்கறது எப்படித் திங்குமுங்க? பூச்சி திங்கற செடிக்குச் சேறு காயக்கூடாது, குழியில மழைத்தண்ணி மண்ணுக்கு ஒரு விரக்கடை கீழயே நிக்கோணும்னு அக்கா சொல்லிட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போச்சு?”

“வேர்ல தண்ணி நின்னா மொளகுக்கொடி அழுகிப்போயிரும். அந்தப் பழக்கத்துல, உங்கக்கா செடி வெச்ச குழிக்கும் தண்ணி வடிய வாய்க்கா வெட்டி உட்டுட்டேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனதும் அக்காகிட்டச் சொல்லீராதீங்க மாமா. ஆபரேசன் ஆனதுலருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. இதை எப்படித் தாங்கும்?”

இரண்டு வளைவுகள் திரும்பும்வரை அவர் மிளகுப் பையின் வாயை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். நான் முகர மறந்து பழத்தைக் கையில் பிடித்திருந்தேன்.

“சொல்லத்தான் போறேன், அம்மணி. வாயைத் தொறந்து என்னையத் திட்டட்டும்.”